மானிறைச்சி, கள், பாட்டு

காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிக்கொண்டு கொல்லிமலைக்கு ஏறும் பேருந்தில் இன்று பாடிப் பிழைப்பவர் யாரும் வருவதில்லை. ஒருகாலத்தில் வந்திருக்கிறார்கள், கால்நடையாக. புறநானூற்றின் 152-ஆம் பாடலில் வன்பரணர் அவர்களைப் படம்பிடித்து வைத்திருக்கிறார். காட்டுக்குள் ஒரு வேட்டுவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி என்று வரிசையாகச் சாய்த்துவிட்டுக் கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைக்கிறது. இப்படி எய்பவன் வெறும் வேட்டுவனாக இருக்க முடியுமா என்று பார்த்து நிற்கும் கூத்தர் குழுவுக்குச் சந்தேகம். ஆனாலும் பாடிப் பார்த்துவிடுவோம் என்று கருவிகளை எடுக்கிறார்கள். முழவுக்கு மண் பூசப்படுகிறது; யாழ் பண்ணுக்கு வருகிறது; யானைத் துதிக்கைபோன்ற தூம்பும், எல்லரியும், ஆகுளியும், ஒரு கண் பதலையும் சேர்ந்துகொள்கின்றன. பாடிக்கொண்டே வந்தவர்கள் 'கோ' என்று வேந்தனைச் சுட்டியதும் அந்த வேட்டுவன் நாணுகிறான். அது தன்னைக் குறித்த சொல் அல்லவா! பிறகு தான் வேட்டையாடிய மானின் இறைச்சியைச் சுடச்சுடக் கொடுக்கிறான். உருக்கிய நெய்போன்ற கள்ளைக் கொடுக்கிறான். தன் மலையில் கிடைத்த பொன்னையும் மணிகளையும் அள்ளிக் கொடுக்கிறான். அவன்தான் வல்வில் ஓரி.

வள்ளல் புகழாகவே இந்தப் பாடலைப் பாடம் நடத்திப் பழகிவிட்டோம். நிகழ்த்துகலைக்காரர் கண்ணால் படித்தால் வேறொன்று தெரியும். மேடை கிடையாது. பார்வையாளர் ஒருவர், மிஞ்சிப்போனால் அவருடைய வேட்டைத் துணைவர் சிலர். பாடுபவரின் மூச்சு கேட்பவர்மேல் படும் தூரம். கேட்பவரின் முகம் மாறுவதைப் பாடுபவர் பார்க்கிறார்; பார்த்து அடுத்த வார்த்தையைத் தேர்கிறார். பாட்டும் சோறும் கள்ளும் ஒரே இடத்தில் ஒரே வேளையில் பரிமாறப்படுகின்றன. ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதே கூட்டுக்கு ஒரு பெயர் வந்தது: காபரே.

தமிழ் வாசகருக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் ஜோதிலட்சுமி ஞாபகம் வருவதில் தவறில்லை. நம் சினிமா அப்படித்தான் பழக்கியது. ஆனால் காபரேயின் மூல வடிவம் ஆட்டத்தைவிடப் பேச்சையும் பாட்டையும் நம்பியது. 1881-இல் பாரிஸின் மோன்மார்த்ர் குன்றில் ரொடால்ஃப் சாலி திறந்த 'லெ ஷா நுவார்' ஒரு குடிக்கூடம். அங்கே கவிஞர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பாடினார்கள், அரசியல்வாதிகளைக் கிண்டல் செய்தார்கள். சாலியே எழுந்து நின்று வந்தவர்களை வம்புக்கு இழுப்பார். பின்னாளில் அந்த இடம் பேர்வாங்கியது நிழற்கூத்தால். நம் தோற்பாவைக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். பெர்லினில் அது அரசியல் நையாண்டியாகக் கூர்மை பெற்று, ஹிட்லர் வந்ததும் நசுங்கியது. நியூயார்க்கில் ஹோட்டல் அறைகளுக்குள் புகுந்து பட்டு உடை உடுத்திக்கொண்டது.

அந்த நியூயார்க் வகையில்தான் நாடக, தொலைக்காட்சி நடிகர்கள் பெரிய அளவில் வந்தார்கள். எலைன் ஸ்ட்ரிச் நல்ல உதாரணம். பிராட்வேயில் அரை நூற்றாண்டு, தொலைக்காட்சியில் எம்மி விருதுகள். எழுபத்தைந்தைத் தாண்டிய பிறகு வெள்ளைச் சட்டை, கறுப்புக் காலுறை, ஒரே ஒரு உயரமான நாற்காலி என்று நின்று தன் கதையையே பாட்டும் பேச்சுமாக நடத்தினார். 'அட் லிபர்ட்டி' என்ற அந்தத் தனியாள் நிகழ்ச்சி 2002-இல் டோனி விருது பெற்றது. பிறகு தான் குடியிருந்த கார்லைல் ஹோட்டலிலேயே கீழே இறங்கிவந்து பாடினார். அங்குள்ள கஃபே கார்லைலில் நூறு பேர்கூட உட்கார முடியாது. பாபி ஷார்ட் 1968-இலிருந்து 2004 வரை பியானோ வாசித்துப் பாடியதும் அதே அறையில்தான்.

தொலைக்காட்சியில் கோடிப் பேர் பார்த்த முகம் எதற்காக இந்தச் சின்ன அறைக்கு வர வேண்டும்? காமிரா நடிகரின் முகத்தை அருகில் கொண்டுவருகிறது. பார்ப்பவரின் முகத்தை நடிகருக்குக் காட்டுவதில்லை. எந்த இடத்தில் சிரித்தார்கள், எந்த இடத்தில் தட்டில் கரண்டி சத்தம் கேட்டது என்று அவருக்குத் தெரியாது. சின்ன அறையில் அது உடனே தெரிந்துவிடும். வேடமும் வெளிச்சமும் வெட்டு ஒட்டும் இல்லாமல், தான் யார் என்பதையே சரக்காக வைத்து நிற்க வேண்டும். எல்லா நடிகருக்கும் இது கைவராது. வசனம் மறந்தால் எடுத்துக்கொடுப்பவர் காப்பாற்றுவார் என்ற நம்பிக்கையில் வளர்ந்தவருக்கு நடுக்கமே வரும்.

தமிழில் இப்படி ஒரு மரபு இல்லை என்று சொல்பவர்கள் வெள்ளிக்கிழமை மாலைகளை மறந்தவர்கள். சென்னை ஜார்ஜ் டவுனில், ராமகிருஷ்ணன் தெருவில் வீணை தனம்மாள் (1867–1938) தன் வீட்டிலேயே வெள்ளிக்கிழமைதோறும் வாசித்தார். கூடத்தில் கொஞ்சம் பேர்தான். சங்கீத வித்வான்களே ஒடுங்கி உட்கார்ந்து கேட்டார்கள். ஒலிபெருக்கி கிடையாது, தனம்மாளுக்கு அது தேவையும் இல்லை. நகமிட்டு மீட்டாமல் விரலாலேயே மீட்டுவார். கூடவே தானும் மெல்லப் பாடுவார். க்ஷேத்ரக்ஞர் பதமும் ஜாவளியும் அந்தச் சின்னக் கூடத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்திருக்கும். பதத்தில் ஒரு சொல்லை நான்கு விதமாகத் திருப்பித் திருப்பிச் சொல்லும்போது கேட்பவர் எட்டடி தூரத்தில் இருந்தாலொழிய அந்தத் திருப்பம் பிடிபடாது. யாராவது அரட்டை அடித்தால் வீணை நின்றுவிடும் என்பது ஊருக்கே தெரிந்த சேதி. பின்னாளில் அவருக்குக் கண்பார்வை போய்விட்டது. வெள்ளிக்கிழமை மட்டும் போகவில்லை. அவருடைய பேத்தி பாலசரஸ்வதி (1918–1984) பதத்துக்கு உட்கார்ந்தபடியே அபிநயம் பிடித்தார் என்றால், அந்த வீட்டுக் கூடத்தின் அளவுதான் அவருடைய கண்ணிலும் புருவத்திலும் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

தனம்மாள் வீட்டுக் கூடத்தை அப்படியே காபரே என்று சொல்ல முடியாது. அங்கே குடி இல்லை, கேலி இல்லை. பக்தி இருந்தது, சிருங்காரமும் இருந்தது. இரண்டும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொள்ளவில்லை. ஒரு பெண் தன் வீட்டில், தன் விருப்பப்படி, தன்னைக் கேட்க வந்தவர்களுக்கு முன்னால் நிகழ்த்திய கலை அது. எங்கே உட்கார வேண்டும் என்பதைக்கூட அவரே முடிவுசெய்தார். சபாக்கள் பெருகி, சென்னை மியூசிக் அகாதமி 1928-இல் அமைந்து, 1947-இல் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டமும் வந்த பிறகு அந்த வீடுகளின் காலம் முடிந்தது. சட்டத்தின் நோக்கத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் இல்லை. அது பல பெண்களை மீட்டது. ஆனால் வீட்டுக் கூடம் என்ற அரங்கும் அதோடு சேர்ந்து போனது. பாட்டு சபாவுக்குக் குடியேறியது. அங்கே கேன்டீன் உண்டு, ஆனால் வெளியே. டிபன் சாப்பிட எழுந்து போக வேண்டும். எழுந்து போவதற்கென்றே கடைசித் துக்கடாக்கள் வைக்கப்பட்டிருக்கின்றன என்று நக்கல் செய்யும் ரசிகர்களும் உண்டு.

கள்ளின் கதை தனி. அது கொல்லிமலையை நேரே தொடுகிறது. இன்றைய நாமக்கல் மாவட்டம் 1997-இல்தான் பிறந்தது. அதற்கு முன்பு கொல்லிமலை சேலம் மாவட்டத்தில் இருந்தது. அந்தச் சேலம் மாவட்டத்தில்தான் 1937 அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணத்தின் முதல் மதுவிலக்கு வந்தது. ராஜாஜி மாகாணப் பிரதமராகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. தன் சொந்த மாவட்டத்தையே சோதனைக்களம் ஆக்கினார். பிறகு சித்தூர், கடப்பை, வட ஆற்காடு என்று விரிந்தது. கலால் வருமானத்தின் இழப்பை ஈடுகட்ட 1939-இல் பொது விற்பனை வரி வந்தது; இன்று நாம் ரசீதில் பார்க்கும் வரிகளுக்கெல்லாம் ஒருவகையில் கொள்ளுத்தாத்தா அது. 1948-இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971-இல் கருணாநிதி அரசு தளர்த்தியது, 1974-இல் மறுபடியும் மூடியது, 1981-இல் எம்.ஜி.ஆர். அரசு திறந்தது. டாஸ்மாக் 1983-இல் உருவாகி, 2003-இலிருந்து சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிறது. கள்ளுக்கு 1987 முதல் தடை தொடர்கிறது.

குடிக்கு ஆதரவாக இதை எழுதவில்லை. சேலம் மாவட்டத்துப் பெண்கள் 1937-இல் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். நான் பார்ப்பது அரங்கின் வரலாறு. மதுவிலக்கு வந்தபோது குடிக்கூடம் குற்றக்கூடம் ஆனது. விலக்கு போனபோதும் அது கூடமாகத் திரும்பவில்லை. கம்பி வலைக்குப் பின்னால் கையை நீட்டி வாங்கும் கடையாகவும், பக்கத்தில் வெளிச்சம் மங்கிய பாராகவும் திரும்பியது. பாட்டு சபாவிலும், சோறு கல்யாண மண்டபத்திலும், குடி டாஸ்மாக் பாரிலும் என்று ஓரி ஒரே இடத்தில் வைத்த மூன்றும் மூன்று வீட்டுக்குப் பிரிந்துபோயின. கணவன், மனைவி, வயதான அத்தை, வேலைக்குப் போகும் மகள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, சாப்பிட்டபடி, அரசியலைக் கேலி செய்யும் ஒரு பாடகியைக் கேட்கும் அறை தமிழ்நாட்டில் உருவாகவே இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. 1969-இல் அண்ணா சாலை சஃபையர் தியேட்டர் வளாகத்தில் 'நைன் ஜெம்ஸ்' என்ற இரவு விடுதி. ஊரில் மதுவிலக்கு அமலில் இருந்த காலம். அங்கே காஞ்சிபுரம் பட்டும் பெரிய பொட்டும் தலைநிறையப் பூவுமாக உஷா ஐயர் என்ற பெண் பாட வந்தார். இரவு விடுதிப் பாடகி கவுன் போட்டுக்கொண்டு வருவாள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு முன்னால், வீட்டு விசேஷத்துக்கு வந்த அத்தைபோல நின்று தாழ்ந்த கனமான குரலில் ஆங்கிலப் பாட்டுப் பாடினார். பாட்டுக்கு நடுவே பேசினார், வந்தவர்களோடு சிரித்தார். அங்கிருந்து கல்கத்தாவின் பார்க் ஸ்ட்ரீட்டில் உள்ள டிரிங்காஸ் போனார். உஷா உதுப் ஆனார். அந்தக் கலையைச் சென்னை பிறப்பித்தது. வளர்த்தது பார்க் ஸ்ட்ரீட்.

கல்கத்தாவில் அதே காலத்தில் மிஸ் ஷெஃபாலி இருந்தார். இயற்பெயர் ஆரதி தாஸ். கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிக் குடும்பம். ஃபிர்போஸ் ஹோட்டலில் தொடங்கி நகரத்தின் முதல் வங்காளிக் காபரே நடனக்காரி என்று பெயரெடுத்தார். சத்யஜித் ராய் அவரை 'பிரதித்வந்தி', 'சீமாபத்த' இரண்டிலும் நடிக்கவைத்தார். வணிக நாடக மேடையிலும் அவருக்காகவே கூட்டம் வந்தது. கடைசிக் காலம் வறுமையில் கழிந்து 2020-இல் இறந்தார். இந்தத் தொழிலில் புகழ் சேமிப்புக் கணக்கில் ஏறுவதில்லை.

தமிழ்நாட்டில் காபரேயின் வேலையைச் சினிமா எடுத்துக்கொண்டது. கிளப்புக்குப் போக வழியில்லாத கோடிப் பேருக்குத் திரையில் கிளப் காட்டினார்கள். எல்.ஆர். ஈஸ்வரி குரல், விஜயலலிதா, ஜோதிலட்சுமி, ஜெயமாலினி ஆட்டம், மூலை மேசையில் வில்லன். கிளப்பில் உட்கார்ந்திருப்பவன் கெட்டவன், ஆடுபவள் கெட்டவளுக்குக் கொஞ்சம் குறைவு, நாயகன் மட்டும் துப்பறிய வந்தவன். முப்பது வருடம் இதைப் பார்த்த சமூகத்தில் எந்த மரியாதையுள்ள நடிகையும் 'நான் காபரே செய்யப்போகிறேன்' என்று வீட்டில் சொல்ல முடியாது.

கொல்லிப்பாவையின் கதையும் இப்படித்தான் திரிந்திருக்கிறது. சங்கப் பாடல்களில் அவள் கொல்லி மலையின் தெய்வம் வடித்த சிற்பம். காற்று வீசினாலும் மழை அடித்தாலும் நிலம் நடுங்கினாலும் அழகு குலையாதவள். தலைவியின் அழகுக்கு உவமையாக வருகிறாள். பின்னால் வந்த கதைகளில் அவள் சிரித்து மயக்கி ஆண்களைக் கொல்லும் பொறியாகிவிட்டாள். அழகாக நின்றவளைக் கொலைகாரி ஆக்குவதற்குச் சில நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. சினிமா அதே வேலையை மூன்று ரீலில் முடித்தது.

மேடையில் நின்ற பெண்மேல் விழுந்த பழி நாடகக்காரர்களை எப்படி வளைத்தது என்பதை மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் பார்க்கலாம். சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) பாட்டுகளை வைத்து இன்றும் திருவிழா இரவுகளில் நடக்கும் நாடகம். நாடகம் தொடங்குமுன் பபூனும் டான்ஸ்காரியும் வருவார்கள். ஒருவர்மேல் ஒருவர் தெரியாமல் இடித்துக்கொள்வார்கள். யார் யாரை இடித்தது என்று ஒரு மணிநேரம் சண்டை, பாட்டு, கேலி. அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் 2005-இல் வெளிவந்த தன் ஆய்வு நூலில் இந்தக் காட்சியை அசைவு அசைவாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். மேடையில் இத்தனை துணிச்சலாகப் பேசும் பெண், நாடகத்துக்குப் போகும் வழியில் பேருந்து நிலையத்தில் நின்று பேர்கெடாமல் இருக்க வேன் பிடித்துப் போகிறார் என்பதையும் அவர் கவனித்திருக்கிறார். பபூனும் டான்ஸும் செய்வது பக்கா காபரே. ஒத்திகை இல்லை, எதிரில் இருப்பவரைப் பார்த்து அங்கேயே கட்டும் பேச்சு, உள்ளூர்ப் பெயர்கள், இரட்டை அர்த்தம். அதைக் கலை என்று ஏற்க நம் விமர்சகர்கள் ரொம்பத் தயங்கினார்கள். ஆபாசம் என்று ஒதுக்கியவர்களில் சிலர் பெர்லின் காபரேயைப் பற்றிக் கட்டுரை எழுதியிருப்பார்கள்.

வடக்கே சேலம், நாமக்கல் பக்கத்தில் கூத்தின் கட்டியக்காரன் அந்த இடத்தில் நிற்கிறான். ராஜா வருமுன் அவன் வருகிறான். முன்வரிசையில் தூங்குபவனைப் பெயர் சொல்லி எழுப்புகிறான், ஊர்த்தலைவரையும் விடுவதில்லை. துரியோதனனுக்குக் கட்டியம் கூறிக்கொண்டே துரியோதனனைக் கிண்டல் செய்கிறான். கதைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் கால் வைத்து நிற்கும் இந்த வித்தையைத்தான் 1972-இல் வந்த 'காபரே' படத்தில் அறிவிப்பாளராக வந்த ஜோயல் கிரே செய்தார், ஆஸ்கர் வாங்கினார். நம் கட்டியக்காரனுக்குப் பொழுது விடிந்தால் கூலியும் காப்பியும்.

தனியாள் வடிவத்தை நேர்த்தியாக மாற்றிக் கையாண்டவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். நந்தனார் காலட்சேபத்தின் சட்டகத்தை அப்படியே எடுத்து, உள்ளே கிந்தன் என்ற பையனின் கதையை வைத்தார். சிதம்பரத்துக்குப் போகத் துடித்த நந்தனாருக்குப் பதில், ரயிலேறிப் பட்டணம் போய்ப் படிக்கத் துடிக்கும் கிந்தன். சப்ளாக் கட்டையும் பின்பாட்டும் பாகவதர் பாணியில், கருத்து சுயமரியாதை. 1949-இல் 'நல்லதம்பி' படத்தில் 'கிந்தனார்' இடம்பெற்றது. ஒரே ஆள் பாடி, பேசி, நடித்து, சிரிக்கவைத்து, நடுவில் ஒரு குத்தலும் சொல்லிவிட்டு மறுபடி ராகத்தில் நுழைவது. உலகத்தில் எந்தக் காபரேக்காரரோடும் கலைவாணரை நிறுத்தலாம். அவர் கையில் கிளாஸ் மட்டும் இல்லை. மதுவிலக்குப் பிரச்சாரத்தையும் அவரே செய்தார்.

சட்டம் என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சின்ன அரங்கை அது சத்தமில்லாமல் கொன்றது. நியூயார்க்கில் 1926-இல் ஒரு காபரே சட்டம் வந்தது. உணவும் குடியும் விற்கும் இடத்தில் ஆட்டம் நடக்க உரிமம் வேண்டும். பிறகு கலைஞர்களுக்கே போலீஸ் அட்டை கொடுத்தார்கள். வழக்கில் சிக்கியவருக்கு அட்டை இல்லை. பில்லி ஹாலிடே 1947-இல் அட்டையை இழந்தார். அதன்பிறகு நியூயார்க் விடுதிகளில் அவரால் பாட முடியவில்லை. அட்டை முறை 1967-இல் போனது. சட்டம் 2017-இல்தான் நீங்கியது. இங்கே 1876-இல் பிரிட்டிஷ் அரசு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு சென்னை மாகாணம் 1954-இல் தன் சொந்தச் சட்டத்தை இயற்றியது. நாடகம் போட நினைக்கும் பத்துப் பேர் கையெழுத்துப் பிரதியைத் தூக்கிக்கொண்டு காவல் துறை வாசலில் நிற்க வேண்டிய நிலை. பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவை ஆக்கியது. காபரேயின் உயிர் அன்றைக்குக் காலைப் பத்திரிகையில் வந்ததை அன்றிரவே பாட்டாக்குவதில் இருக்கிறது. முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிய கேலி, ஆறிப்போன தோசை.

1970-களின் இறுதியிலிருந்து சின்ன அரங்கை இன்னொரு திசையிலிருந்து கொண்டுவந்தவர்கள் நவீன நாடகக்காரர்கள். கூத்துப்பட்டறை 1977-இல் தொடங்கியது. பாதல் சர்க்கார் 1980-இல் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலத்தில் நடத்திய பட்டறை, மேடையும் விளக்கும் இல்லாமல் பார்வையாளர் நடுவிலேயே நடிக்கலாம் என்ற துணிவைப் பலருக்கு ஊட்டியது. அங்கிருந்து தனியாள் நிகழ்த்துதல்கள் கிளைத்தன. கூத்துப்பட்டறையிலிருந்து சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் போன கலைராணி தனியாளாகவும் நிகழ்த்தியிருக்கிறார். ப்ரீதம் சக்கரவர்த்தியின் 'நிர்வாணம்' திருநங்கையர் வாழ்வை ஒற்றைக் குரலில் சொன்னது. இவர்களிடம் நெருக்கம் இருந்தது, பாட்டும் இருந்தது. வந்தவர் சௌகரியமாக உட்கார்ந்து சிரிக்கலாம் என்ற அழைப்புதான் குறைவு. நவீன நாடகம் பார்க்கப் போனால் சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு மனசாட்சி உறுத்த உட்கார வேண்டும் என்று நமக்கு ஒரு பழக்கம்.

கொல்லிமலை இருக்கும் அதே நாமக்கல் மாவட்டத்தில் பிறந்தவர் அ. ரேவதி. திருநங்கையரின் வாழ்வனுபவங்களைத் தொகுத்து 'உணர்வும் உருவமும்' கொண்டுவந்தார். அவருடைய தன்வரலாறு 2010-இல் வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்திலும், பிறகு 'வெள்ளை மொழி' என்ற பெயரில் தமிழிலும் வந்தது. 2019-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக நூலக முகப்பில் டோனி மாரிசன், மாயா ஏஞ்சலோ பெயர்களோடு அவர் பெயரும் பதாகையில் தொங்கியது. அந்தத் தன்வரலாற்றை அ. மங்கையின் நெறியாள்கையில் ரேவதியே தனியாளாக நிகழ்த்துகிறார். ஊர்த் திருவிழாவில் பெண் வேடம் கட்டி ஆடியபோது எல்லாரும் கைதட்டியதும், அதே பையன் வேடத்தைக் கழற்ற மறுத்தபோது அடி விழுந்ததும் அந்தக் கதையில் உண்டு. இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நடுவில் மேடை என்ற ஒரு கோடு இருக்கிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஆட்டம், இந்தப் பக்கம் அவமானம். ரேவதி கோட்டை அழித்துவிட்டு நம் முழங்காலுக்கு எதிரே வந்து நின்று அதைச் சொல்கிறார். எலைன் ஸ்ட்ரிச் தன் குடிப்பழக்கத்தைச் சொல்லிப் பார்வையாளரைச் சிரிக்கவைத்ததும் இதுவும் ஒரே வடிவம். ஆனால் விலை ஒன்றல்ல. ஸ்ட்ரிச் நிகழ்ச்சி முடிந்து தன் ஹோட்டல் அறைக்கு லிஃப்டில் ஏறிப் போகலாம். ரேவதி தெருவுக்கு இறங்க வேண்டும்.

சிரிப்பையும் நாற்காலியையும் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் ஸ்டாண்ட் அப் காமெடிக்காரர்கள். 2003-இல் 'ஏவம்' குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்த்திக் குமார் 'அலைபாயுதே' படத்தில் நடித்தவர். மேடையிலிருந்து திரைக்குப் போய், திரையிலிருந்து ஒற்றை மைக்குக்குத் திரும்பி வந்தார். அலெக்சாண்டர் பாபு மென்பொருள் வேலையை விட்டுவிட்டு வந்தவர். அவருடைய 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' 2019-இல் அமேசான் பிரைமில் வெளியானது. டி.எம்.எஸ்., யேசுதாஸ், எஸ்.பி.பி. என்று ஒவ்வொரு குரலாக எடுத்துப் பாடி, பாட்டுக்கும் தன் வாழ்க்கைக்கும் நடுவே முடிச்சுப் போட்டுச் சிரிக்கவைக்கிறார்; நெகிழவும் வைக்கிறார். இதைக் காமெடி என்று விற்கிறார்கள். எனக்கு அது காலட்சேபத்தின் பேரன்போலத் தெரிகிறது. நியூயார்க்காரர் பார்த்தால் காபரே என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவார். குடும்பத்தோடு வருகிறார்கள், கிளப் என்ற சொல்லின் பழியை இந்த நிகழ்ச்சிகள் ஓசையின்றிக் கழுவிவிட்டன. ஒரு குறை: அரங்கு பெரிதாகிக்கொண்டே போகிறது. ஆயிரம் பேர் முன்னால் பாடினால் அது கச்சேரி.

கொல்லிமலையின் செம்மேட்டில் ஆடி 17, 18 தேதிகளில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவிலும் கலை நிகழ்ச்சிகள் உண்டு. மலர்க் கண்காட்சி, வில்வித்தைப் போட்டி, துறைவாரி அரங்குகள், பந்தல், பெரிய மேடை, அதற்கேற்ற ஒலிபெருக்கி. நாட்டுப்புறக் குழுக்களுக்கு வாய்ப்பு கிடைப்பது நல்லது. ஆனால் கொண்டாடப்படும் மனிதன் பாட்டைக் கேட்ட விதத்துக்கும் இதற்கும் ஒட்டுறவு இல்லை. இரண்டு நாளில் ஒரு மணிநேரம் மைக்கை அணைத்துவிட்டு, நாற்பது பேரை மரத்தடியில் உட்காரவைத்து, சாமைச் சோறு போட்டு, ஒரே ஒரு கலைஞரை நடுவில் விட்டால் என்ன கெட்டுப்போகும்? செலவும் குறைவு.

கொடுப்பதிலும் ஒரு சிக்கல் இருப்பது வன்பரணருக்கே தெரிந்திருக்கிறது. 153-ஆம் பாடலில் ஓரியிடம் பரிசில் பெற்ற சுற்றத்தார் பசி தீர்ந்த நிறைவில் ஆட்டத்தையும் பாட்டையும் மறந்துபோனார்கள் என்கிறார். புகழ்ச்சிதான், ஆனாலும் அடியில் ஒரு சிரிப்பு ஓடுகிறது. ஒரே தடவை அள்ளிக் கொடுக்கும் வள்ளல் கலைஞரைக் காப்பாற்றலாம், கலையைக் காப்பாற்ற மாட்டார். அதற்கு வெள்ளிக்கிழமைதோறும் வரும் ஆட்கள் வேண்டும்.

அறுபது இருக்கை உள்ள அறையை எடுத்துக்கொள்வோம். டிக்கெட் எல்லாம் விற்றாலும் வாடகை, ஆர்மோனியம் அல்லது கீபோர்டுக்காரர், ஒலி, ஒளி, போக்குவரத்து போக நடிகர் கையில் நிற்பது ஒரு நாள் படப்பிடிப்புச் சம்பளத்துக்கு ஈடாகாது. உணவு விற்கும் இடமென்றால் விடுதிக்காரர் லாபத்தில் ஓடும். கலைஞருக்குப் பங்கு பேச வேண்டும். டிக்கெட் விலையை ஏற்றினால் வருபவர்கள் ஒரே வகுப்பு ஆகிவிடுவார்கள், குத்தலுக்கு ஆள் இருக்காது. அதனால்தான் உலகம் முழுக்க இந்த வடிவத்தை நடத்துபவர்கள் வேறெங்கோ சம்பாதிப்பவர்களாக இருக்கிறார்கள். சென்னையில் அந்த 'வேறெங்கோ' பெரும்பாலும் சீரியல். அங்கே அம்மா, மாமியார், வில்லி என்று மாதத்தில் பாதி நாள் கண்ணீர் விட்டால்தான் ஒரு மாலை தன் சொந்தக் குரலில் பாட முடியும். சீரியலால் மேடை செத்தது என்று புலம்புபவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துத்தான் பாதிப் பேர் டிக்கெட்டும் வாங்குகிறார்கள். வந்து உட்கார்ந்த முதல் பத்து நிமிடம் அவர்கள் வில்லியைத்தான் தேடுவார்கள். அவளைக் கேலிசெய்து வழியனுப்பிவிட்டுத்தான் நடிகை தன் பாட்டுக்குள் போக முடியும். ஒத்திகைக்கு ஆர்மோனியக்காரரை எந்த நாள் வரச்சொல்வது என்பதைக்கூட, அடுத்த வாரத்து கால்ஷீட் வந்த பிறகுதான் அவரால் சொல்ல முடிகிறது.